வேலரண்ட்: மலிவுக் கணினியிலும் உயர்திறன் கணினியிலும்

வேலரண்ட் என்பது அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் 2 அன்று வெளியிட்ட, இணையவழியில் பலர் சேர்ந்து ஆடும் முதல் நபர் சுடும் விளையாட்டு ஆகும். அணிக்கு ஐவராக இரண்டு அணிகள் மோதும். வழக்கமான போட்டி ஆட்டத்தில் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி வெற்றி பெறும். ஆட்டத்தைப் பதிவிறக்கவும் ஆடவும் கட்டணம் இல்லை. ஆனால் அதை ஓட்டும் கணினிக்குப் பணம் வேண்டும்.

தனி வரைகலை அட்டை இல்லாத சாதாரணக் கணினியிலும் இந்த ஆட்டம் ஓடும். லட்சங்களில் விலையுள்ள கணினியிலும் ஓடும். இரண்டிலும் ஆடுபவருக்கு என்ன வேறுபாடு, கூடுதலாகச் செலவிடும் பணம் எந்த இடத்தில் பலன் தருகிறது, எந்த இடத்தில் தருவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொலைவு, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கிடும் இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது படிப்புக்காகத்தான். 2011ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதற்குப் பெரும் காரணம். படிப்புக்கென வடிவமைக்கப்படும் இத்தகைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் தனி வரைகலை அட்டை இருக்காது. படம் வரையும் வேலையையும் செயலிக்குள் இருக்கும் சிறு வரைகலைப் பகுதியே செய்ய வேண்டும்.

2017 டிசம்பரில் முழுமையாக வெளியான பப்ஜி ஆட்டம் இத்தகைய கணினிகளுக்கு எட்டாததாக இருந்தது. ஸ்டீம் தளத்தில் அதற்குக் குறிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி ரேமும் ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 960 வரைகலை அட்டையும் ஆகும். இந்த இடைவெளியை நிரப்ப அதே நிறுவனம் பப்ஜி லைட் என்னும் எளிய வடிவத்தை உருவாக்கியது. 2019 ஜனவரியில் தாய்லாந்தில் சோதனைக்கு வந்த அது, 2019 ஜூலை 4 அன்று இந்தியாவில் கிடைத்தது. 4 ஜிபி ரேமும் இன்டெல் எச்டி 4000 வரைகலைப் பகுதியும் அதற்குப் போதுமானவை. 2021 ஏப்ரல் 29 அன்று பப்ஜி லைட் நிறுத்தப்பட்டது.

பப்ஜி நிறுவனம் பின்னர் தனியாகச் செய்ததை ரயட் நிறுவனம் முதலிலேயே செய்தது. மலிவுக் கணினிக்கென வேறு ஆட்டம் இல்லாமல், ஒரே ஆட்டத்தை எல்லாக் கணினிகளுக்கும் பொருந்துமாறு வடிவமைத்தது. மலிவுக் கணினியில் ஆடுபவரும் உயர்திறன் கணினியில் ஆடுபவரும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்பதற்கு இதுவே காரணம்.

சட்டகமும் மில்லிநொடியும்

கணினித் திரையில் அசைவு என்பது அடுத்தடுத்து வரும் நிலைப்படங்களின் தொகுப்பு. ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம். ஆடுபவர்கள் இதை ஃபிரேம் என்பார்கள். ஒரு நொடியில் எத்தனை சட்டகங்கள் உருவாகின்றன என்பதே எஃப்பிஎஸ் என்று சொல்லப்படும் எண்.

இந்த எண்ணை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். ஆடுபவருக்கு முக்கியமானது ஒரு சட்டகம் உருவாக எடுக்கும் நேரம். 1,000 மில்லிநொடியைச் சட்டக எண்ணிக்கையால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும்.

30 சட்டகம்: ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லிநொடி
60 சட்டகம்: 16.7 மில்லிநொடி
144 சட்டகம்: 6.9 மில்லிநொடி
240 சட்டகம்: 4.2 மில்லிநொடி
360 சட்டகம்: 2.8 மில்லிநொடி

30இலிருந்து 60க்கு உயரும்போது, ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிநொடி மிச்சமாகிறது. 60இலிருந்து 144க்கு உயர்ந்தால் மிச்சம் 9.7 மில்லிநொடி. 144இலிருந்து 240க்குச் சென்றால் 2.8 மில்லிநொடி; 240இலிருந்து 360க்குச் சென்றால் வெறும் 1.4 மில்லிநொடி. அதாவது எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் பெரிதாகக் கூடினாலும், மிச்சமாகும் நேரம் படிப்படியாகச் சுருங்குகிறது. ஆனால் கணினியின் விலை எதிர்த்திசையில், மேலே செல்லச் செல்ல வேகமாக ஏறுகிறது. மலிவுக் கணினிக்கும் உயர்திறன் கணினிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க இந்தக் கணக்கே அடிப்படை.

நிறுவனம் அறிவித்த தேவைகள்

வேலரண்ட் ஆட்டத்துக்கு ரயட் நிறுவனம் மூன்று படிகளில் தேவைகளை அறிவித்தது. நொடிக்கு 30 சட்டகம் பெற இன்டெல் கோர் 2 டுயோ இ8400 செயலியும் இன்டெல் எச்டி 4000 வரைகலைப் பகுதியும் போதும் என்று அப்போது குறிக்கப்பட்டது. 60 சட்டகத்துக்கு கோர் ஐ3-4150 செயலியும் ஜீஃபோர்ஸ் ஜிடி 730 அட்டையும் வேண்டும். 144க்கும் மேல் வேண்டுமானால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வகுப்பைச் சேர்ந்த அட்டை வேண்டும். மூன்றுக்கும் 4 ஜிபி ரேம் குறிக்கப்பட்டது.

இந்தப் பொருள்களின் வயதைக் கவனிக்க வேண்டும். இ8400 செயலி 2008இல் வந்தது; ஜிடி 730 அட்டை 2014இல் வந்தது; ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016இல் வந்தது. 2020இல் வெளியான ஆட்டம், தன் உயர்ந்த படிக்கே நான்கு ஆண்டு பழைய அட்டையைக் கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, 2023 செப்டம்பர் 27 அன்று வெளியான கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டம் குறைந்தபட்சமாகவே 8 ஜிபி ரேமும் 85 ஜிபி சேமிப்பிடமும் கேட்கிறது.

எனினும் பட்டியலில் உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு வாசல் குறுகி வருகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11இல் வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் செக்யூர் பூட் அமைப்பையும் கட்டாயமாகக் கேட்கிறது. 2025 ஜூலையில் ஆட்டம் அன்ரியல் எஞ்சின் 4இலிருந்து 5க்கு மாற்றப்பட்டது. ஆகவே ஆட்டத்துக்கெனப் பழைய கணினி வாங்குபவர், செயலியின் வேகத்தோடு இந்தப் பாதுகாப்பு வசதிகள் உள்ளனவா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மலிவுக் கணினியில் நடப்பது

தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில், வரைகலைப் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. செயலி பயன்படுத்தும் அதே ரேமை அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே ரேமின் வேகமே அதன் வேகத்துக்கு எல்லை. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு செல்லும். அதே வகையில் இரண்டு ரேம்களை உரிய இடங்களில் பொருத்தினால் பாதை இரண்டாகி 51.2 ஜிபி செல்லும். 16 ஜிபி ரேம் ஒன்றை வாங்குவதை விட 8 ஜிபி ரேம்கள் இரண்டு வாங்குவது, ரைசன் 5 5600ஜி போன்ற உள்வரைகலைச் செயலிகளில் பெரிய முன்னேற்றம் தருவது இதனால்தான். அதே நினைவக அளவு, ஏறத்தாழ அதே செலவு. பலனில் மட்டும் பெரிய வேறுபாடு.

ஆட்டத்தை வன்தட்டில் வைத்திருந்தால் களம் திறக்கத் தாமதமாகும். அணியினர் ஆயுதம் வாங்கிக்கொண்டிருக்கும்போது இவர் திரையில் ஏற்றப் படமே நிற்கும். எஸ்எஸ்டிக்கு மாறினால் இந்தத் தாமதம் குறையும். ஆனால் சராசரிச் சட்டக எண்ணிக்கை எஸ்எஸ்டியால் கூடாது.

உயர்திறன் கணினியில் நடப்பது

விலையுயர்ந்த வரைகலை அட்டை வாங்கினால் எல்லா ஆட்டமும் அதே விகிதத்தில் வேகமாகும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வேலரண்ட் போன்ற எளிய படவமைப்பு உள்ள ஆட்டங்களில் அது உண்மையன்று. ஒவ்வொரு சட்டகத்துக்கும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வீரர்களின் இருப்பிடம், குண்டின் பாதை, ஒலி போன்றவற்றைச் செயலி கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக் கொண்டு வரைகலை அட்டை படம் வரைகிறது. இரண்டில் எது மெதுவானதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் நினைவகம் நொடிக்கு 1,008 ஜிபி தரவைக் கையாளும். வேலரண்ட் தரும் படவேலையை அது விரைவில் முடித்துவிட்டு, செயலியின் அடுத்த கணக்குக்காகக் காத்திருக்கும். இந்த ஆட்டத்தில் மிக உயர்ந்த சட்டக எண்ணிக்கைக்கு வழி செய்வது வேகமான செயலி. ரைசன் 5 5600ஜி செயலியின் மூன்றாம் நிலைத் தேக்ககம் 16 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியில் அது 96 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலி தன் அருகிலேயே வைத்துக்கொள்வதால், ரேம் வரை சென்று வரும் நேரம் குறைகிறது.

தம் கணினியில் எது தடை என்பதை எவரும் எளிதில் சோதிக்கலாம். ஆட்டத்தின் அமைப்பில் திரைத் தெளிவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சட்டக எண்ணிக்கை ஏறினால் வரைகலைப் பகுதி தடையாக இருந்தது என்று பொருள். ஏறாவிட்டால் செயலியோ ரேமோ தடை. புதிய வரைகலை அட்டை வாங்கினாலும் எண்ணிக்கை ஏறாது.

உயர்திறன் கணினி வைத்திருக்கும் போட்டி வீரர்களில் பலர் வரைகலை அமைப்புகளைத் தாழ்த்தியே ஆடுகிறார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. நிழல், பளபளப்பு போன்றவை அழகு சேர்க்கும். எதிரியைக் காண்பதற்கு உதவுவதில்லை.

திரையின் பங்கு

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிக்கும். கணினி 300 சட்டகம் உருவாக்கினாலும் முழுமையாகத் தெரிவது 60தான். கூடுதல் சட்டகங்களால் தாமதம் ஓரளவு குறையுமே தவிர, அசைவு 300க்கு உரிய நளினத்தைப் பெறாது. 150 சட்டகம் தரக்கூடிய நடுத்தரக் கணினியும் 144 ஹெர்ட்ஸ் திரையும், 400 சட்டகம் தரும் கணினியும் 60 ஹெர்ட்ஸ் திரையும் இருந்தால், கண்ணுக்கு நன்றாகத் தெரிவது முதல் இணையில்தான்.

144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிய பின்னும் விண்டோஸ் அமைப்பில் 60 என்றே விட்டிருப்பது அடிக்கடி நேர்வது. திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகுவதும் அப்படியே. இரண்டிலும் செலவிட்ட பணம் பயன்படாமல் கிடக்கும்.

சராசரி மறைப்பது

வகுப்பின் சராசரி மதிப்பெண் 61 என்றால் எல்லா மாணவரும் தேர்ச்சி பெற்றார்கள் என்று பொருளன்று. சட்டகமும் அவ்வாறே. ஒரு நொடியில் 60 சட்டகங்கள் தலா 15 மில்லிநொடியில் வந்து, ஒரே ஒரு சட்டகம் மட்டும் 100 மில்லிநொடி எடுத்தால், மொத்தம் 1,000 மில்லிநொடி ஆகிறது. திரையின் மூலையில் 61 என்ற நல்ல எண் தெரியும். ஆனால் அந்த 100 மில்லிநொடி நேரம் படம் உறைந்து நிற்கும். எதிரி வெளிப்படுவதும் சுடுவதும் அந்த நேரத்துக்குள் நடந்துவிடலாம். கண்ணால் கண்டு விரலால் அழுத்த மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி ஆகிறது. அதில் பாதியை இந்த ஒரு தடங்கல் விழுங்கிவிடுகிறது.

இதனால் செயல்திறனைச் சோதிப்பவர்கள் சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீதச் சட்டகங்களின் அளவையும் தருகிறார்கள். மலிவுக் கணினியும் உயர்திறன் கணினியும் உண்மையில் விலகுவது இந்த எண்ணில்தான். ரேம் போதாமை, பின்னணியில் ஓடும் மென்பொருள்கள், வெப்பம் ஆகியவை சராசரியைப் பெரிதாகக் குறைக்காமலே தடங்கலை உண்டாக்கும். திறந்து கிடக்கும் உலாவியை மூடுவதும் ரேமை 4இலிருந்து 8 அல்லது 16 ஜிபி ஆக்குவதும் சராசரியை விட இந்தக் கடைசி எண்ணை அதிகம் உயர்த்தும்.

வழங்கியும் தொலைவும்

ஆட்டத்தின் முடிவைச் சொல்வது ஆடுபவரின் கணினியன்று. சர்வர் எனப்படும் வழங்கியே சொல்கிறது. வேலரண்டின் வழங்கி நொடிக்கு 128 முறை, அதாவது 7.8 மில்லிநொடிக்கு ஒருமுறை, களத்தின் நிலையைப் புதுப்பிக்கிறது. 30 சட்டகம் மட்டும் தரும் கணினி இந்த 128 நிலைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றையே திரையில் காட்டும். 60 சட்டகக் கணினி இரண்டில் ஒன்றைக் காட்டும். 144 சட்டகக் கணினி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். இந்த ஆட்டத்தில் 144 என்ற படி பொருளுள்ள எல்லையாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் வேலரண்டுக்கு மும்பையில் வழங்கி உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,180 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும். போய்வர 12 மில்லிநொடி ஆகும். கவுண்டர்-ஸ்டிரைக் 2க்கு மும்பையோடு சென்னையிலும் வழங்கி உண்டு. சென்னை சுமார் 490 கிலோமீட்டர் என்பதால் போய்வர 5 மில்லிநொடியே ஆகும். 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்கு 30 மில்லிநொடி ஆகும். இவை இயற்பியல் விதிக்கும் கீழ் எல்லைகள். கம்பி நேர்கோட்டில் போவதில்லை. வழியில் பல கருவிகளும் உள்ளன. ஆகவே திரையில் தெரியும் பிங் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எத்தனை லட்சம் செலவிட்டாலும் கணினியால் இந்தத் தொலைவைக் குறைக்க முடியாது. வீட்டுக்குள் சேரும் தாமதத்தை மட்டும் குறைக்கலாம். சுவர்கள் கடந்து வரும் வைஃபை, மலை மறைக்கும் இடத்தில் கிடைக்கும் கைப்பேசி இணையம், அதே இணைப்பில் இன்னொருவர் பார்க்கும் காணொளி ஆகியவை பிங்கைத் திடீரென உயர்த்தும். வைஃபைக்குப் பதில் கணினிக்கு நேராக ஒரு லேன் கம்பி இழுப்பது, 240இலிருந்து 360 சட்டகத்துக்குச் சென்று பெறும் 1.4 மில்லிநொடியைப் போலப் பல மடங்கு நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும். அதற்கு ஆகும் செலவோ சில நூறு ரூபாய்தான்.

வெப்பமும் மின்சாரமும்

கணினியின் விசிறி அறைக்காற்றைக் கொண்டே சூட்டை வெளியேற்றுகிறது. அறையின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் சோதிக்கப்பட்ட மடிக்கணினி, ராஜபாளையத்தில் கோடைகால நண்பகலில் 38 பாகை அறையில் 13 பாகை கூடுதல் சுமையோடு ஓடுகிறது. மடிக்கணினிச் செயலிகள் பல 95 முதல் 100 பாகைக்குள் தம்மைத் தாமே மெதுவாக்கிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிய ஆட்டம் பிறகு தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விசிறியின் தூசியைத் தட்டுவது, மெத்தை மேல் வைக்காமல் மேசை மேல் வைப்பது, ஆட்டத்தின் அமைப்பில் சட்டக எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைப்பது ஆகியவை செலவில்லாத தீர்வுகள். 60 ஹெர்ட்ஸ் திரையுள்ள மடிக்கணினி தொடர்ந்து 150 சட்டகம் உருவாக்கிச் சூடாவதால் பெரிய பயன் இல்லை.

மின்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 180 மணி நேரம். 100 வாட் எடுக்கும் எளிய கணினி அதற்குள் 18 யூனிட் செலவிடும். 400 வாட் எடுக்கும் கணினி 72 யூனிட் செலவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை ஒரு கணினியே எடுத்துக்கொண்டால், மற்றப் பயன்பாடு விலை கூடிய படிக்குச் சென்றுவிடும்.

எதற்கு முதலில் செலவிடுவது

மாதச் சம்பளத்தில் கணினி வாங்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்குகள் ஒரு வரிசையைத் தருகின்றன. ஏற்கெனவே கணினி இருந்தால் முதலில் செலவில்லாதவற்றைச் செய்ய வேண்டும்: தூசி நீக்கம், பின்னணி மென்பொருள்களை மூடுதல், வரைகலை அமைப்புகளைத் தாழ்த்துதல். அடுத்து லேன் கம்பி. பிறகு இணையாக இரண்டு ரேம், எஸ்எஸ்டி. இவற்றுக்குப் பின்னும் 60 சட்டகத்தைத் தொடாவிட்டால் மட்டுமே செயலியையோ அட்டையையோ மாற்ற எண்ண வேண்டும். 144 சட்டகத்தைத் தாண்டியதும் அடுத்த பணம் செல்ல வேண்டிய இடம் 144 ஹெர்ட்ஸ் திரை. அதற்கு மேல் செலவிடுவது, பரிசுக்காகப் போட்டியிடும் வீரர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் உரியது.

புதிதாக வாங்குபவர், கடையில் ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. 2009இல் வந்த செயலிக்கும் ஐ5 என்றே பெயர். 2022இல் வந்த கோர் ஐ3-12100, 2015இல் வந்த கோர் ஐ7-6700கே-யை ஆட்டங்களில் முந்துகிறது. பெயருக்குப் பின்னால் உள்ள முழு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஒளிரும் வண்ண விளக்குகளால் ஒரு சட்டகமும் கூடுவதில்லை.

30 சட்டகத்தில் ஆடுபவர் உண்மையான பாதகத்தோடு ஆடுகிறார். அவர் தோற்பதைத் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்ல முடியாது. தடங்கலில்லாத 60 சட்டகமும் நிலையான பிங்கும் கிடைத்துவிட்டால் அந்தப் பாதகத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். 144க்குப் பிறகு எஞ்சுவது சில மில்லிநொடிகள் மட்டுமே. களத்தை அறிதல், அணியோடு பேசி ஆடுதல், குறி பழகுதல் ஆகியவை தரும் முன்னேற்றம் அந்தச் சில மில்லிநொடிகளை விடப் பெரிது.